பழைய கேம் பட்டியல் போடுவது எப்படி: ஐந்து வழி, மூன்று கேம்

மே மாதம் பிறந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: "பசங்களுக்கு நம்ம காலத்து வீடியோ கேம் நாலு சொல்லேன்." கேட்பவர்களில் புதுச்சேரி முத்தியால்பேட்டை அக்கா உண்டு, பாரிஸிலிருந்து லீவுக்கு வரும் சித்தப்பா குடும்பம் உண்டு, கடலூர் மஞ்சக்குப்பத்து நண்பன் உண்டு. நாலு கேட்டால் நாற்பது சொல்ல எல்லோருக்கும் வரும். எதை வைத்துப் பொறுக்குவது என்பதில்தான் சண்டை.

நான் பார்த்தவரை ஐந்து வழிகளில் பட்டியல் போடுகிறார்கள். ஐந்தையும் உரசிப் பார்க்க மூன்று கேம்களை எடுத்துக்கொள்கிறேன்: ஓடிக்கொண்டே சுடும் கான்ட்ரா, நாம் டேங்க் கேம் என்று சொன்ன பாட்டில் சிட்டி, அப்புறம் கேம் சென்டரில் காசு தின்ற முஸ்தபா. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இந்த மூன்றும் வாயில் வரும். இவற்றை எங்கே வைப்பது என்று சொல்லத் தெரியாத முறையை வைத்துக்கொண்டு நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதலாவது மதிப்பெண் வழி. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விமர்சகர்கள் போட்ட மதிப்பெண்ணைச் சராசரி பார்த்து மேலிருந்து கீழே அடுக்க வேண்டியது, அவ்வளவுதான். ஆனால் அப்படிச் சராசரி எடுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளம் வந்ததே 2001இல். 1980களின் கேம்கள் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. உச்சத்தில் உட்கார்ந்திருப்பது 1998இல் நின்டெண்டோ 64 கருவிக்கு வந்த செல்டா: ஆகரினா ஆஃப் டைம். நூற்றுக்கு 99. அருமையான கேம்தான், மறுக்கவில்லை. முடிக்க இருபது முப்பது மணி நேரம் பிடிக்கும் ஒன்றைப் பத்து நாள் லீவுக்கு வந்த பையன் கையில் கொடுத்து என்ன செய்வது? நம் மூன்று கேம்களில் ஒன்றும் அந்த உச்சாணி வரிசையில் கிடையாது. தள்ளுபடி.

இரண்டாவது, ஓட்டு. 2012இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் வீடியோ கேம்களுக்குக் கண்காட்சி வைத்தது. எதையெல்லாம் காட்டலாம் என்று அதற்கு முன்பே மக்களிடம் ஓட்டு கேட்டார்கள். 240 கேம்கள் களத்தில், 80 கேம்களுக்கு வெற்றி. 175 நாடுகளிலிருந்து சுமார் 1,19,000 பேர் போட்ட ஓட்டுகள் 37 லட்சம். எண்ணிக்கையை விட எனக்குப் பிடித்தது அவர்கள் தொகுதி பிரித்த விதம். 80 இடங்களையும் பொதுப் போட்டிக்கு விட்டிருந்தால் மரியோவும் செல்டாவும் வாரிக்கொண்டு போயிருக்கும். இவர்கள் காலகட்டம், கருவி, கேம் வகை என்று கூறு போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று பேரைத்தான் நிறுத்தினார்கள். அதனால் யோசித்து ஆடும் வியூக கேம்களுக்கும் இடம் கிடைத்தது.

இதை வீட்டுப் பட்டியலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஓடிக் குதிப்பது இரண்டு, சுடுவது இரண்டு, மூளைக்கு வேலை இரண்டு, ரேஸ் ஒன்று. இல்லாவிட்டால் பத்தில் எட்டு மரியோ ஜாடையிலேயே வந்து நிற்கும்.

ஓட்டு முறையின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும்போதே பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது. பாட்டில் சிட்டியை நாம்கோ நிறுவனம் 1985இல் ஜப்பானில் ஃபாமிகாம் என்ற நின்டெண்டோ வீட்டுக் கருவிக்காக வெளியிட்டது. அந்தக் காலத்தில் அது அமெரிக்கக் கடைகளுக்குப் போகவே இல்லை. நமக்குக் கிடைத்தது அதைக் காப்பியடித்துச் செய்த நகல் கருவிகளின் புண்ணியத்தில். அமெரிக்காவில் விற்றதை வைத்துக் களம் அமைத்தால் டேங்க் கேமிடம் வேட்புமனுவே வாங்க மாட்டார்கள். எங்கள் குழுவில் ஓட்டு வைத்தால் அது முதல் சுற்றிலேயே ஜெயிக்கும். ஆக, ஓட்டு முறையில் யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதைச் சொல்லாத பட்டியலை நான் நம்புவதில்லை.

மூன்றாவது, அளவுகோல் வைத்து ஒருவர் தேர்ந்தெடுப்பது. அதே 2012இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமா யாரிடமும் ஓட்டு கேட்கவில்லை, தானே 14 கேம்களைத் தேர்ந்தெடுத்தது. பேக்-மேன், டெட்ரிஸ், மிஸ்ட், சிம்சிட்டி 2000, போர்ட்டல், அனதர் வேர்ல்டு எல்லாம் உண்டு. மரியோ இல்லை! ஆடுபவரை கேம் எப்படி நடந்துகொள்ள வைக்கிறது, காட்சி எப்படி, இடத்தையும் நேரத்தையும் எப்படிக் கையாள்கிறது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. புகழ், விற்பனை எல்லாம் இரண்டாம் பட்சம்.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் 2015இல் தொடங்கிய வீடியோ கேம் புகழ் மன்றம் வேறு மாதிரி. எல்லோருக்கும் தெரிந்த அடையாளமா, காலம் தாண்டி நிற்கிறதா, நாடு தாண்டிப் போனதா, பின்னால் வந்த கேம்களை மாற்றியதா என்ற நாலு கேள்வி. முதல் ஆண்டில் டூம், பேக்-மேன், பாங், சூப்பர் மரியோ பிரதர்ஸ், டெட்ரிஸ், வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்று ஆறு உள்ளே போயின. யார் வேண்டுமானாலும் பெயர் முன்மொழியலாம். மூன்றாவது கேள்வியைப் பாருங்கள்: பாட்டில் சிட்டிக்காக வாதாட அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. அளவுகோல் வழியின் பலமே இதுதான். "ஏன் இது இல்லை?" என்று அக்கா கேட்டால் பதில் சொல்லலாம், சண்டையும் போடலாம். மதிப்பெண் பட்டியலோடு சண்டை போட முடியாது.

ஆனால் அளவுகோல் ஆளைப் பார்க்காது. அனதர் வேர்ல்டையே எடுத்துக்கொள்வோம். எரிக் ஷயி என்ற பிரெஞ்சுக்காரர் ஏறக்குறைய தனி ஆளாக உருவாக்கி 1991இல் வெளியிட்டது. ஆய்வகத்தில் இடி விழுகிறது, நாயகன் வேற்று உலகத்தில் ஒரு குளத்துக்குள் வந்து விழுகிறான். உடனே மேலே நீந்தாவிட்டால் முதல் சில நொடிகளிலேயே கதை முடிந்தது. திரையில் மதிப்பெண், உயிர்க்கணக்கு எதுவும் தெரியாது, என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செத்துச் செத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நாற்பது வயது சித்தப்பாவுக்குப் பாடமாகவே வைக்கலாம். ஒன்பது வயதுப் பெண்ணிடம் கொடுத்தால் கீபோர்டு பறக்கும்.

நாலாவது, நினைவு. நம் ஊர்ப் பட்டியல்களில் பத்துக்கு ஒன்பது இந்த வகைதான். மரியோ, கான்ட்ரா, டேங்க், சர்க்கஸ், ரோடு ஃபைட்டர், எக்ஸைட்பைக், அட்வென்ச்சர் ஐலாண்டு, கம்ப்யூட்டர் லேபில் சார் பார்க்காதபோது ஆடிய டேஞ்சரஸ் டேவ். இதைக் கிண்டல் செய்வது சுலபம். "9999999 இன் 1" என்று அட்டையில் போட்டிருந்த கேசட்டில் உண்மையில் கைவிரல்களில் எண்ணக்கூடிய கேம்களே திரும்பத் திரும்ப வந்ததை எல்லோரும் அறிவார்கள். நம் ரசனையைத் தீர்மானித்தது அந்த கேசட் போட்டவர்தான், நாம் இல்லை.

ஆனாலும் நினைவுப் பட்டியலுக்கு வேறெந்த முறைக்கும் இல்லாத ஒரு சொத்து உண்டு. பரிந்துரைப்பவருக்கு அந்த கேம் கை விரலில் இருக்கிறது. கான்ட்ராவில் முதல் திரையிலேயே மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ, ஸ்டார்ட் என்று தட்டினால் 30 உயிர் என்பதை மதிப்பெண் தளம் சொல்லாது. மூன்றாவது கட்டமான அருவியில் இரண்டு பேர் ஆடும்போது ஒருவர் அவசரப்பட்டு ஏறினால், திரையும் கூடவே ஏறி, பின்தங்கிய கூட்டாளி கீழே விளிம்பில் செத்துப்போவார் என்பதும் அப்படித்தான். டேங்க் கேமில் கூட்டாளியின் டேங்க் மேல் குண்டு பட்டால் அது கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், நாம் காக்க வேண்டிய கழுகைச் சுற்றியுள்ள செங்கல் சுவரை நாமே சுட்டு உடைத்துக் கழுகையும் காலி செய்துகொள்ளலாம். அண்ணன் தம்பி சண்டைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. விசாரித்துப் பார்த்தால் அந்த கேமை யாரும் மறக்காததற்கு 35 கட்டங்கள் காரணமாக இருக்காது, இந்தத் துரோகம்தான் காரணம்.

புதுச்சேரியில் இந்த வழிக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு பால்யம் இருக்கும். போன லீவில் சித்தப்பா மகனுக்குக் கான்ட்ராவைப் போட்டுக் காட்டினேன். பிரான்சில் பிறந்து வளர்ந்தவன்.

"அண்ணா, இது ப்ரோபோடெக்டர்தானே? ரோபோவுக்குப் பதிலா ஏன் ஆளுங்க ஓடுறாங்க?"

அவன் சொன்னது சரி. கொனாமி அந்த கேமை ஐரோப்பாவில் 1990இல் வெளியிட்டபோது பெயரையும் மாற்றி, மனிதர்களின் இடத்தில் ரோபோக்களையும் வைத்தது. போதாக்குறைக்கு ஐரோப்பாவில் 50 ஹெர்ட்ஸ் டிவி, அதாவது நொடிக்கு 50 முறை படம் மாறும். ஜப்பானின் 60 ஹெர்ட்ஸுக்காக எழுதிய கேம்களைச் சரியாக மாற்றியமைக்காமல் விட்டால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும், பாட்டும் இழுக்கும். ஆகவே நினைவுப் பட்டியலில் பெயர் மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கருவி, எந்த ஆண்டு, எந்த நாட்டுப் பதிப்பு என்று மூன்றையும் எழுத வேண்டும்.

ஐந்தாவது, ஆளைப் பார்த்துப் போடுவது. என் ஓட்டு இதற்குத்தான், மற்ற நாலும் இதற்கு எடுபிடி வேலை பார்க்கட்டும். அக்கா கேட்டது நினைவிருக்கிறது: "அரை மணி நேரத்துல முடியுற மாதிரி சொல்லு தம்பி, அப்புறம் டிவி எனக்கு வேணும்." எந்த அருங்காட்சியகமும் யோசிக்காத அளவுகோல். யார் ஆடப்போகிறார்கள், எத்தனை பேர், எவ்வளவு நேரம், வீட்டில் என்ன கருவி இருக்கிறது என்ற நாலு கேள்விக்குப் பதில் வாங்கிய பிறகுதான் கேம் பெயருக்கே போக வேண்டும்.

கடைசிக் கேள்வி பல பெயர்களை வெட்டிவிடும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று முறையாக விலைக்குக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. நாமெல்லாம் நகல் கேசட்டில் வளர்ந்தவர்கள்தான். அதற்காக அக்கா பையனுக்குக் கண்ட தளத்தின் லிங்க்கை அனுப்ப முடியுமா? கேமோடு வைரஸும் சேர்ந்து வரும்.

கருவிக் கேள்விக்கு டக் ஹண்ட் நல்ல உதாரணம், டிவியில் பறக்கும் வாத்தைப் பொம்மைத் துப்பாக்கியால் சுடும் கேம். துப்பாக்கி விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அதைப் பிடிக்க வேண்டும். பழைய குண்டு டிவியில் இது கச்சிதமாக நடக்கும். எல்சிடி, எல்ஈடி திரையில் படம் சற்றுத் தாமதமாக வருவதால் ஒரு வாத்துகூட விழாது. சண்டே மார்க்கெட்டில் துப்பாக்கி கிடைத்துவிட்டது என்று துள்ளியவர்களிடம் நான் முதலில் கேட்பது வீட்டு டிவி எது என்றுதான்.

இந்த முறையில் என் பட்டியலின் சில வரிகள் எப்படி இருக்கும் என்றால்:

கான்ட்ரா, 1988, 8-பிட் பதிப்பு. அண்ணன் தம்பி இருவருக்கு. 30 உயிரோடு தொடங்கினால் ஒரு மாலை. 2019இல் கொனாமி வெளியிட்ட கான்ட்ரா தொகுப்பில் இருக்கிறது. அருவியில் சண்டை வந்தால் நிறுத்திவிடவும்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, 1990, டாஸ் (பழைய கம்ப்யூட்டர்) பதிப்பு. தனியாக ஆடுபவருக்கு, பன்னிரண்டு வயதுக்கு மேல். மொத்தக் கதைக்கும் 60 நிமிடக் கெடு. முதலில் வாளைத் தேடு, வெறுங்கையோடு காவலாளி முன்னால் போகாதே. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம் 2015இல் ஏற்றிய டாஸ் கேம்களில் ஒன்று, லேப்டாப் பிரவுசரிலேயே ஓடும்.

டெட்ரிஸ். அக்காவுக்கு. சீரியல் இடைவேளை போதும்.

வரிசை எண் போடுவதில்லை. ஒன்று இரண்டு என்று எண் வந்தவுடன் பசங்கள் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். பெரியவர்களோ ஏழாவது ஏன் ஆறாவது இல்லை என்று கிளம்பிவிடுவார்கள்.

மிச்சம் இருப்பது முஸ்தபா. காப்காம் 1993இல் கேம் சென்டர்களுக்காகச் செய்த 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. அதன் நாலு நாயகர்களில் ஒருவனான முஸ்தபா கெய்ரோவின் பெயரே நம் ஊரில் கேமின் பெயராகிவிட்டது. ஒரு படக்கதையிலிருந்து எடுத்தது. வீட்டுக் கருவிக்கு அது முறையாக வந்ததே இல்லை. 1994இல் சேகா சிடி என்ற வீட்டுக் கருவிக்கு ஏறக்குறைய அதே பெயரில் வந்தது முற்றிலும் வேறு கேம், காரை ஓட்டிக்கொண்டே சுடுவது. பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. ஐந்து வழிகளில் நினைவு வழி மட்டும்தான் முஸ்தபாவை உள்ளே விடும், கருவிக் கேள்வியோ வெளியே தள்ளும். நான் அதைப் பட்டியலின் அடியில் கோடு போட்டு, "வீட்டில் ஆட முடியாதவை" என்று தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

"கெடைக்காதத எதுக்கு மாமா எழுதி வச்சிருக்க?" என்று அக்கா பையன் கேட்டான்.

"எங்கயாவது பழைய கேம் சென்டர்ல அந்த மெஷின் நின்னா, மூணு பேர் சேர்ந்து ஆடலாம்டா. உங்க அம்மாவையும் கூப்பிடு, அவ நல்லா ஆடுவா."