டால்பினில் வல்கன்: மாற்றிப் பார்த்தேன்

நின்டெண்டோவின் கேம்கியூப், வீ கன்சோல்களின் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்ட டால்பின் எமுலேட்டரைத்தான் வைத்திருக்கிறேன். நிரல்கள் கிராபிக்ஸ் சிப்பிடம் படம் வரையச் சொல்லும் முறைகளில் ஒன்றான ஓப்பன்ஜிஎல்லில் ஓட்டியபோது, பந்தயத்தில் புதிதாகப் புழுதி கிளம்பினால் போதும், என் பழைய மடிக்கணினியில் படம் ஒரு கணம் உறைந்துவிடும். அந்தப் புழுதியை வரையும் ஷேடரை, அதாவது கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் சிறு நிரலை, அப்போதுதான் கம்பைல் செய்வதால் (சிப்புக்குப் புரியும்படி மாற்றுவதால்) வரும் தடங்கல் அது. அதற்குள் வண்டி சுவரில் மோதியிருக்கும்.

அப்புறம் அதே வேலைக்கான இன்னொரு முறையான வல்கனுக்கு மாற்றி, டால்பின் அமைப்புகளில் ஹைப்ரிட் உபர்ஷேடரையும் தேர்ந்தெடுத்தேன். புது ஷேடர் பின்னணியில் தயாராகும்வரை, கேம்கியூபின் கிராபிக்ஸ் சிப்பையே போலச் செய்யும் ஒரு பெரிய ஷேடர் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. 2017இல் வந்த இந்த யோசனை எனக்கு இன்றும் வியப்புதான். அதே வளைவு, அதே புழுதி, படம் நிற்கவே இல்லை! ஜிபியுவுக்கு (கணினியின் கிராபிக்ஸ் சிப்புக்கு) சுமை கூடும். அதனால் ரெசல்யூஷனை அசலைப்போல் இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொண்டேன். சரியாக இருக்கிறது. மேக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளின் முறையான மெட்டலும் உண்டு.