எல்க் வேட்டைக்கு எந்தக் குண்டு: ஈயமா, செம்பா?

அமெரிக்காவின் கொலராடோ மாநில மலைகளுக்கு எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடக் கிளம்புகிறவர்கள் .30-06 ரைபிளா, .300 வின்செஸ்டர் மேக்னமா என்று மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே போதும். 300 கிலோவைத் தாண்டும் ஆண் எல்க்கின் தோள் எலும்பை உடைத்து நுரையீரல் வரை போக வேண்டியது தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டு. அதைத்தான் பார்த்து வாங்க வேண்டும்.

அந்த மாநிலச் சட்டம், பட்டதும் விரியக்கூடிய குண்டைத்தான் அனுமதிக்கிறது. அதில் மூன்று வகை உண்டு.

முதலாவது, ஈயத்தின் மேல் மெல்லிய செம்பு உறை போட்ட சாதாரணக் குண்டு. விலை குறைவு, சிறிய மான்களுக்கு அருமை. ஆனால் கிட்டத்தில் சுட்டு, அது பெரிய எலும்பில் பட்டால் உள்ளே போகாமலே சிதறிவிடலாம். காயத்தோடு ஓடும் எல்க் எங்கோ கிடந்து துடிக்கும். எல்க்குக்கு இது வேண்டாம்.

இரண்டாவது, நாஸ்லர் பார்டிஷன். 1946இல் கனடாவில் மூஸ் என்ற மிகப் பெரிய மான் வேட்டைக்குப் போன ஜான் நாஸ்லர், தன் குண்டுகள் சரியாக உள்ளே இறங்காததைப் பார்த்து உருவாக்கியது. குண்டின் நடுவில் ஒரு செம்புச் சுவர். முன்பாதி ஈயம் விரிந்து உதிர்ந்தாலும் பின்பாதி கலையாமல் உள்ளே போகும். வேகம் குறைந்த நீண்ட தூரத்திலும் முன்பாதி நன்றாக விரிகிறது.

மூன்றாவது, முழுக்கச் செம்பு. 1980களின் கடைசியில் பார்ன்ஸ் நிறுவனம் இதைப் பரவலாக்கியது. முனை இதழ் இதழாக விரியும், எடை ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். .30-06இல் ஈயத்தில் 180 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) சுட்டவர் செம்பில் 165 அல்லது 168 எடுத்தால் போதும். ஒன்று கவனம்: செம்பு விரிய வேகம் வேண்டும். வினாடிக்கு 2000 அடிக்குக் கீழே போனால் பல செம்புக் குண்டுகள் சரியாக விரியாது. இந்த ரைபிளில் 300 கஜத்துக்கு அப்பால் சுடுவதை நான் தவிர்ப்பேன்.

இவ்வளவு குறை இருந்தும் நான் செம்பின் பக்கம். சுட்ட இடத்திலேயே குடலை எடுத்துப் போட்டுவிட்டு இறைச்சியைச் சுமந்து வருகிறோம். அந்தக் குடலில் கலந்த ஈயத் துகள்களைக் கழுகும் அண்டங்காக்கையும் தின்கின்றன. 1982இல் 22 பறவைகளாகக் குறைந்துபோன கலிபோர்னியா காண்டர் கழுகுகளை இன்றும் அதிகம் கொல்வது ஈய நஞ்சுதான். அதனால்தான் அந்த மாநிலம் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத் தோட்டாவைத் தடை செய்தது. டென்மார்க்கும் 2024இல் ரைபிள் குண்டுகளுக்கு அந்தத் தடையைக் கொண்டுவந்தது. நம் வீட்டுச் சமாச்சாரமும் இதில் இருக்கிறது. ஈயக் குண்டு பட்ட இறைச்சியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் காயத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக்கூட, கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள் இருக்கும். அந்த இறைச்சியைக் குழந்தைகளுக்குப் பரிமாற எனக்கு மனம் வராது.

சரி, மாறுவது எப்படி? முதலில் குழலில் படிந்த பழைய செம்புப் படிவை நன்றாகத் துடைத்தெடுங்கள். இரண்டு மூன்று நிறுவனங்களின் பெட்டிகளை வாங்கி 100 கஜத்தில் சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதற்கு ரைபிளின் குறியைத் திரும்பச் சரிசெய்யுங்கள். சில பழைய ரைபிள்களில் செம்புக் குண்டு எதுவும் நெருக்கமாக விழாது. அப்போது பார்டிஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் காயத்தைச் சுற்றியுள்ள சதையைத் தாராளமாக வெட்டி ஒதுக்கி, குடலோடு சேர்த்து ஆழமாகப் புதைத்துவிட்டு வாருங்கள்.