எஃப்டி போட்டு வாங்கிய கிரெடிட் கார்டு: காலேஜ் முடியும்வரை பயன்படுத்திய அனுபவம்

காலேஜ் பசங்களிடம் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் சாதாரண கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் 'இப்போதைக்கு இயலாது' என்றுதான் பதில் வரும். மிச்சம் இரண்டு வழி. அப்பாவின் கார்டுக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கலாம். ஆனால் பில் அவர் பெயரில் வரும், நாம் தின்ற பரோட்டா வரைக்கும் அவருக்குத் தெரியும். இல்லாவிட்டால் வங்கியில் ஒரு எஃப்டி (நிலையான வைப்பு) போட்டு, அதன் பேரில் கார்டு வாங்கலாம். நான் இரண்டாவது வழியில் போனேன்.

2021-ல் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்தேன். பதினெட்டு வயது முடிந்ததும், அம்மாயி கொடுத்து வைத்திருந்த பணத்தோடு என் சேமிப்பையும் சேர்த்து 25,000 ரூபாய்க்கு எஃப்டி. அதில் 90 சதவீதம், அதாவது 22,500 ரூபாய் லிமிட் கொடுத்தார்கள். எஃப்டிக்கு வட்டி வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். கார்டு இருக்கும்வரை அதை உடைக்க மட்டும் முடியாது. "படிக்கிற வயசுல கடன் எதுக்குடா?" என்றார் அப்பா. "என் காசை அடகு வெச்சுட்டு எனக்கே கடன் தர்றாங்கப்பா, பயப்படாதீங்க" என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. முதல் ஆறேழு மாதம், போன் போட்டால் சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் பில் கட்டியாயிற்றா என்றுதான் கேட்பார்.

ஆரம்பத்தில் எரிச்சல் தந்தது பில் தேதி. மாதம் 2-ஆம் தேதி பில் போடுவார்கள், 22-க்குள் கட்ட வேண்டும். வீட்டிலிருந்து பணம் வருவது 1-ஆம் தேதி. 22 வருவதற்குள் அந்தப் பணம் மெஸ், பஸ், ஜெராக்ஸ் என்று கரைந்திருக்கும். ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு விதிமுறைகள் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, பில் சுழற்சியை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதில் இருந்தது. கேட்டு வாங்கி 14-க்கு மாற்றினேன். கட்ட வேண்டிய கடைசி நாள் அடுத்த மாதம் 3 அல்லது 4 என்று வந்தது. வீட்டுப் பணம் வந்த கையோடு முழு பில்லையும் கட்டிவிட்டு, மிச்சத்தில் மாதத்தை ஓட்டினேன். கார்டு வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இப்படி மாற்றலாம் என்பதே தெரிவதில்லை. புதிதாக வாங்குபவர்கள் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.

அப்புறம் மினிமம் ட்யூ, அதாவது முழு பில்லையும் கட்டாவிட்டாலும் அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை. என் ரூம்மேட்டும் இதே மாதிரி ஒரு கார்டு வைத்திருந்தான், வங்கி வேறு. போன் வாங்கியதில் 20,000 ரூபாய் பில். மினிமம் ட்யூ 1,000 என்று பெரிய எழுத்தில் இருந்ததைப் பார்த்து, அதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தான். அடுத்த பில் வந்ததும் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மீதி 19,000-க்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 665 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி கிட்டத்தட்ட 120. ஆக 785. அடுத்த மாதமும் அதே ஆயிரத்தைக் கட்டினால், அசலில் கழிவது இருநூற்றுச் சொச்சம்தான். வட்டியைக் கடைசித் தேதியிலிருந்து கணக்கிட மாட்டார்கள், போன் வாங்கிய நாளிலிருந்தே போடுவார்கள். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் சோப்பு, சீப்புக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. இவனுடைய எஃப்டிக்கு ஆறரை சதவீதம் கொடுக்கும் அதே வங்கி, இவனிடமே வருஷத்துக்கு 42 சதவீதம் வாங்குகிறது! இந்த வட்டிக்கு 30 சதவீதம் என்று வரம்பு வைத்துத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பு சொல்லியிருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஹாஸ்டலில் ஒருவனிடம் கார்டு இருப்பது தெரிந்தால் மொத்த விங்குக்கும் தெரிந்த மாதிரி. "மச்சி, நீ கார்டுல போடு, நான் ஜிபே பண்ணிடறேன்." டிபார்ட்மெண்ட் ஃபெஸ்டுக்கு டி-ஷர்ட், ஊருக்குப் போக டிக்கெட், ஆன்லைன் ஆஃபரில் ஷூ என்று எல்லாம் என் தலையில் விழும். ஜிபே வந்த பிறகுதான் ஆர்டர் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். கஞ்சன் என்று பெயர் வந்தது, பரவாயில்லை. பணம் திரும்பி வந்தாலும் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவு இருந்தால் கிரெடிட் ஸ்கோருக்கு (கடனை எப்படிக் கையாள்கிறோம் என்பதற்கான மதிப்பெண்) நல்லது என்பார்கள். 22,500-ல் அது 6,750 ரூபாய். பத்து டி-ஷர்ட் வாங்கினாலே அதை நெருங்கிவிடும். பெரிய செலவு செய்த மாதங்களில் 14-ஆம் தேதிக்கு முன்பே ஒரு தொகையைக் கட்டிவிடுவேன். பில்லில் பாக்கி குறைவாகத் தெரியும், பொதுவாக அந்த ஸ்கோரைப் போடும் கிரெடிட் பீரோவுக்கு வங்கி அனுப்புவதும் அந்தத் தொகைதான்.

2022 செப்டம்பரில் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைக்கும் வசதி வந்தது. என் கார்டும் ரூபே என்பதால் பிறகு இணைத்துப் பார்த்தேன். டீக்கடை க்யூஆரில்கூடக் கடன்! ஆனால் மாதக் கடைசியில் பில்லைத் திறந்தால் 12, 20, 45, 15 என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. நடுவில் தெரியாத ஒரு 299 இருந்தால் யார் கண்டுபிடிப்பது? கார்டில் பத்து வரி பில் வந்தால் வரி வரியாகப் படிக்கலாம், அதுதான் அதன் அழகு. கழற்றிவிட்டேன். சில்லறைச் செலவுக்கு வங்கிக் கணக்கு யுபிஐயே போதும்.

ரிவார்டு பாயிண்ட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் செலவுக்கு வருஷத்துக்குச் சில நூறு ரூபாய் தேறும். அதற்காகச் செலவு செய்பவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. செமஸ்டர் ஃபீஸைக் கார்டில் கட்டினால் எங்கள் காலேஜ் போர்ட்டலில் கூடுதல் கட்டணம் பிடித்தார்கள், அதோடு பாயிண்ட் கணக்கு முடிந்தது. ஏடிஎம்மில் பணம் எடுத்தால் கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு. நான் அந்தப் பின் நம்பரைப் போட்டே பார்த்ததில்லை. வட்டியே இல்லை என்று சொல்லும் 'நோ காஸ்ட் இஎம்ஐ' தவணையிலும் பிராசஸிங் கட்டணமும் வட்டிக்கான ஜிஎஸ்டியும் மூலையில் உட்கார்ந்திருக்கும்.

குறை என்றால் எஃப்டி மாட்டிக்கொள்வதுதான். மூன்றாம் வருஷம் லேப்டாப் போர்டு போனபோது அந்த 25,000 கையில் இருந்திருக்கலாமே என்று தோன்றியது. கார்டை மூடச் சொன்னால் பாக்கி இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனாலும் அவசரத்துக்கு ஒரு வாரம் என்பது நீண்ட காலம். வேறு சேமிப்பே இல்லாதவர்கள் கடைசிப் பணத்தை இதில் போடாதீர்கள். வீட்டிலிருந்து எந்த மாதம் எவ்வளவு வரும் என்று நிச்சயமில்லாதவர்களுக்கும் டெபிட் கார்டே தேவலை.

2025-ல் படிப்பு முடிந்தபோது ஸ்கோர் 750-க்கு மேல் இருந்தது. நான்கு கிரெடிட் பீரோக்களும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஆப்களுக்குப் பணம் கட்டிப் பார்க்கத் தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்ததும் சம்பளத்தின் பேரில் வேறு கார்டு எளிதாகக் கிடைத்தது. பழையதற்கு ஆண்டுக் கட்டணம் இல்லை, கணக்கின் வயதும் கூடுகிறது என்பதால் மூடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் தொடாமல் விட்டால் வங்கி தகவல் சொல்லிவிட்டு மூடும் வேலையைத் தொடங்கிவிடும் என்பதால், இப்போது அப்பாவின் போன் ரீசார்ஜ் அதில் போகிறது.