மென்படலத்துக்கு ஏஎஃப்எம்மா, ஜிசாக்ஸா?

சிலிக்கான் தகட்டின் மேல் தங்க நானோத் துகள்களை வளர்த்தாயிற்று; அவற்றின் அளவும் இடைவெளியும் தெரிய வேண்டும். முதலில் கை போவது ஏஎஃப்எம், அதாவது நுண்ணிய ஊசியால் மேற்பரப்பைத் தடவிப் படமெடுக்கும் அணுவிசை நுண்ணோக்கி, பக்கம்தான். போகட்டும், தப்பில்லை. கண்ணால் பார்க்கிற மாதிரி படம் வருகிறது, வம்பும் அங்கேதான் ஆரம்பம். ஊசி முனையின் ஆரமே பெரும்பாலும் 10 நானோமீட்டரை ஒட்டி இருப்பதால் 5 நானோமீட்டர் துகள்கூடப் பருத்துத் தெரியும். உயரத்தை நம்பலாம், அகலத்தை அப்படியே நம்பக் கூடாது. படலத்துக்குள் புதைந்து கிடப்பதும் தெரியாது.

ஜிசாக்ஸில், அதாவது உரசும் கோணத்து எக்ஸ்-கதிர்ச் சிதறல் முறையில், எக்ஸ்-கதிரைப் படலத்தின் மேல் உரசினாற்போல விட்டு, அது சிதறும் விதத்தைப் பதிவு செய்கிறோம். தாமிரக் குழாயின் 1.54 ஆங்ஸ்ட்ராம் அலைநீளக் கதிருக்கு சிலிக்கானின் மாறுநிலைக் கோணம் (இதற்குக் கீழே விழும் கதிர் உள்ளே ஆழமாகப் புகாமல் திரும்பிவிடும்) சுமார் 0.22 டிகிரி, பாலிமர்களுக்கு 0.16 வாக்கில். பாலிமர் படலத்தில் 0.16க்குக் கீழே வைத்தால் மேல்தோலின் சில நானோமீட்டர் மட்டும். இரண்டுக்கும் நடுவே, 0.19 என்று வைத்தால், முழுப் படலமும் அகப்படும், அடியிலுள்ள சிலிக்கான் கதிரைத் திருப்பியும் அனுப்பும். கோணத்தைத் திருகி ஆழத்தைத் தேர்ந்தெடுக்கிற இந்த வசதி ஏஎஃப்எம்முக்குக் கிடையவே கிடையாது.

அப்புறம் பரப்பு. 0.1 மில்லிமீட்டர் உயரக் கதிர் 0.2 டிகிரியில் விழுந்தால் சாம்பிள் மேல் ஏறக்குறைய 29 மில்லிமீட்டர் நீளத்துக்குப் படரும், அதனால் ஒரே படத்தில் கோடிக்கணக்கான துகள்களின் சராசரி வந்துவிடும் (சாம்பிள் சின்னதாக இருந்தால் கதிரில் பாதி வெளியே வழிந்து வீணாகும், அது தனித் தலைவலி). சிதறல் படத்தில் பக்கவாட்டு முகடு, சிதறல் கோணத்தைக் குறிக்கும் க்யூ மதிப்பு நானோமீட்டருக்கு 0.3 என்ற இடத்தில் வந்தால், 2π-ஐ அதால் வகுக்க, துகள்களின் இடைவெளி சுமார் 21 நானோமீட்டர். கணக்கு அவ்வளவுதான்.

வடிவம் என்று வரும்போதுதான் சிக்கல். டிடெக்டரில் கதிரின் வலிமை பதிவாகிறது, கட்டம் (அலை எந்த ஏற்ற இறக்க நிலையில் வந்தது என்பது) தொலைந்துபோகிறது. ஆகவே மாதிரி ஒன்றை ஊகித்து, பார்ன்அகெய்ன் போன்ற இலவச மென்பொருளில் பொருத்திப் பார்க்க வேண்டும். உருளையும் கோளமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பொருந்தினால் எதை எழுதுவீர்கள்?

தடிமன் மட்டும் வேண்டுமென்றால் இரண்டும் வேண்டாம், எக்ஸ்-கதிர் எதிரொளிப்பு போதும். மூலக்கூறுகளின் அடுக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கு டிடெக்டரை நெருக்கமாக வைத்து அகலக் கோணத்தில் எடுக்க வேண்டும்.

சூடாக்கும்போதோ கரைப்பான் உலரும்போதோ படலம் மாறுவதை நொடிக்கு நொடி பிடிக்க என் ஓட்டு ஜிசாக்ஸுக்குத்தான், சிங்க்ரோட்ரான் என்ற பெரிய எக்ஸ்-கதிர் மூல நிலையத்தில் நேரம் கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தாலும் சரி. ஆனால் ஏஎஃப்எம் படமோ எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமோ ஒன்றுகூட இல்லாமல், சிதறல் பொருத்தத்தை மட்டும் காட்டி "துகள்கள் கூம்பு வடிவம்" என்று யாராவது எழுதினால் நான் நம்பமாட்டேன்.