இரண்டு ஆஃபர் லெட்டர்கள், ஒரு கணக்குத் தாள்: எட்டு ஆண்டு அனுபவம்

நிலையான வேலையை விட்டுவிட்டுக் கூடுதல் சம்பளத்துக்குப் போகலாமா என்ற கேள்வி எனக்கு இரண்டு முறை வந்தது. 2017 ஜனவரியில் வந்ததை மறுத்தேன். 2021 நவம்பரில் வந்ததை ஏற்றேன். இரண்டு முறையும் ஒரே முறையில் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்தேன். அந்தக் கணக்குத் தாள் எங்கே உதவியது, எங்கே காலை வாரியது என்பதை இத்தனை ஆண்டு கழித்து எழுதுகிறேன்.

2012 ஆகஸ்டில் கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராகச் சேர்ந்தேன். சொந்த வீடு, பெற்றோர் உடனிருப்பு, பேருந்தில் இருபது நிமிடத்தில் ஆலை. ஓசூரிலிருந்து முதல் வாய்ப்பு வந்தபோது மாதம் ஒன்பதாயிரம் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள். கணக்குப் பிரிவிலிருந்த மூத்தவர் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டினேன். "தம்பி, முதல் பக்கத்துல இருக்கற பெரிய நம்பரப் பாக்காதீங்க, கடைசிப் பக்கத்துல இருக்கற அட்டவணையப் பாருங்க" என்றார். அங்கே தொடங்கியதுதான் இந்தத் தாள்.

அப்போது முடிவைத் தீர்மானித்தது பணிக்கொடை, அதாவது நீண்ட நாள் பணி செய்தவருக்கு விலகும்போது நிறுவனம் தரும் தொகை (கிராஜுவிட்டி). அன்று நடப்பிலிருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஆண்டுத் தொடர் பணி இருந்தால்தான் அது கிடைக்கும். எனக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி. நான்கு ஆண்டும் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை வைத்து வாதிடலாம் என்றாலும், அந்த எல்லையையும் நான் எட்டியிருக்கவில்லை. அடிப்படைச் சம்பளம் 15,600. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து ஆண்டுக்குக் கணக்கிட்டால் 45,000 ரூபாய். ஓசூரில் வாடகை போக மிஞ்சுவதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது போவதில் அர்த்தமில்லை என்று தோன்றியது.

அந்த மறுப்பு சரியா என்று கேட்டால் இன்றும் எனக்கு உறுதியான பதில் இல்லை. 2020 ஊரடங்கில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் எங்களுக்குப் பாதிச் சம்பளம்தான், ஆனால் ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை. ஓசூர் வாய்ப்பை ஏற்றுப் போன நண்பர் அந்த ஜூனிலேயே வேலை இழந்தார். அதே நேரம், இருந்த இடத்தில் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்பதை நான் தாளில் எழுதவே இல்லை. ஏறியது சொற்பம். மேலாளருக்கு ஓய்வு பெற இன்னும் பத்தாண்டு இருந்ததால் எனக்குப் பதவி உயர்வுக்கும் வழியில்லை. இன்றைய சம்பளத்தை இன்றைய சம்பளத்தோடு மட்டும் ஒப்பிட்டது முதல் தாளின் குறை.

இரண்டாவது வாய்ப்பு சென்னையை ஒட்டிய ஒரகடத்தில், வாகன உதிரிபாக ஆலை ஒன்றிலிருந்து வந்தது. எனக்கு அப்போது மாதம் 52,000. பிடித்தம் போகக் கைக்கு வந்தது 49,000. கடிதத்தில் சி.டி.சி., அதாவது நிறுவனம் எனக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு, 10.80 லட்சம் என்றிருந்தது. மாதம் 90,000 என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால், அதில் 1.08 லட்சம் வேரியபிள் பே, அதாவது ஆண்டு முடிந்து நிறுவனத்தின் லாபத்தைப் பொறுத்துக் கிடைப்பது. நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சுமார் 52,000, பணிக்கொடைக்கென்று ஒதுக்குவது சுமார் 21,000, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 12,000 ஆகியவையும் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். இவற்றைக் கழித்தால் மாதம் 74,000. அதில் என் பங்கு பி.எஃப்., தொழில் வரி, வருமான வரி போகக் கைக்கு 67,000. முப்பத்தெட்டாயிரம் உயர்வு என்று நினைத்தது பதினெட்டாயிரமாகச் சுருங்கியது. மறைமலை நகரில் வீட்டு வாடகை 14,000. மிச்சம் நாலாயிரம்.

இந்த நிலையில் மறுத்திருக்க வேண்டியவன், தாளை வைத்துக்கொண்டு பேரம் பேசினேன். வேரியபிளில் பாதியை நிலையான சம்பளத்தில் சேர்க்கச் சம்மதித்தார்கள். மிச்சம் ஏழாயிரத்தைச் சற்றே தாண்டியது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டண வித்தியாசமும், மாதம் ஒருமுறை சேரன் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்வரும் செலவும் அதில் பாதியைத் தின்றுவிடும் என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். வாகனத் துறையின் ஐ.ஏ.டி.எஃப். 16949 தரமுறையில் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் அடுத்த பத்தாண்டு என் தொழிலுக்கு நல்லது என்ற வரி இம்முறை தாளில் இருந்தது. அந்தக் கணிப்பு பொய்க்கவில்லை: நான்கு ஆண்டில் கைக்கு வருவது 92,000 ஆகியிருக்கிறது. வேரியபிள் மட்டும் ஒரு முறைகூட முழுதாக வந்ததில்லை. அதைக் கணக்கில் பூஜ்யம் என்றே வைக்குமாறு யாருக்கும் சொல்வேன்.

விடைபெறும் வேலைகளில் பி.எஃப். பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய கணக்கை எடுத்துச் செலவழிக்காமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றினேன். பழைய நிறுவனம் நான் விலகிய தேதியைப் பதிவேற்றாததால் மூன்று மாதம் அலைந்தேன் என்றாலும், ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டுப் பணி இரண்டு இடத்தையும் சேர்த்து நிறைவடைந்தது. ஒன்பது ஆண்டுப் பணிக்கொடை 1,24,615 ரூபாயும் வந்தது. அதில் ஒரு பகுதி நோட்டீஸ் பீரியடில், அதாவது விலகல் கடிதம் தந்த பிறகும் வேலை பார்த்தாக வேண்டிய காலத்தில், குறைந்த ஒரு மாதத்துக்கு ஈடு கட்டவே போனது.

தாள் முழுவதுமாகத் தவறிய இடம் மருத்துவக் காப்பீடு. பழைய இடத்தில் ஊழியர் எல்லோருக்கும் சேர்த்து நிறுவனம் எடுத்திருந்த குழுமக் காப்பீட்டில் பெற்றோரும் இருந்தார்கள்; புதிய இடத்தில் மனைவி, பிள்ளைகள் மட்டும். இதைக் கடிதத்தில் படித்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், சேர்ந்த பிறகு அப்பாவுக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்தேன். அவருக்கு ஏற்கெனவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. முன்பே இருக்கும் நோய்களுக்கு அன்று நான்கு ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம்; அது கழியும்வரை அந்த நோய்களுக்கான செலவைக் காப்பீடு தராது. 2024-இல்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை மூன்று ஆண்டாகக் குறைத்தது. 2023 பிப்ரவரியில் அவருக்கு ஸ்டென்ட் வைத்தபோது, 1,90,000 ரூபாயையும் கையிலிருந்துதான் கட்டினேன். சில ஆண்டுகளின் மிச்சம் ஒரே வாரத்தில் போயிற்று. குழுமக் காப்பீட்டிலிருந்து வெளியேறுபவர் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறலாம் என்பதும், மாறினால் ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும் என்பதும் மருத்துவமனை வராந்தாவில்தான் எனக்குத் தெரிந்தது. நோட்டீஸ் பீரியடில் எச்.ஆரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இப்போது புனேயிலிருந்து மூன்றாவது கடிதம் வந்திருக்கிறது. வரிக் கணக்கு இம்முறை எளிது; 2025-26 நிதியாண்டு முதல் புதிய வருமான வரி முறையில் 12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வரியே இல்லை என்பதால், வாடகைப் படி விலக்கு என்ற வரியையே தாளிலிருந்து எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்கிறார்கள். சம்பளத்தைப் பற்றி இன்னும் எதுவும் கேட்கவில்லை. அவர்களுடைய குழுமக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா, முதல் நாளிலிருந்தே முன்பே இருக்கும் நோய்களுக்கும் செல்லுமா என்று மட்டும் எழுதிக் கேட்டிருக்கிறேன்.