இரட்டை மானிட்டர்: வாங்கிச் சில வருடம் புழங்கிய பிறகு தெரிகிறவை

ஒரே ஒரு மானிட்டர் என்றால் அது நல்லதா என்று பார்த்தால் போதும். பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்ததும் இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. பெட்டியில் அச்சிட்ட எந்த எண்ணும் இதற்குப் பதில் சொல்லாது.

பழைய 24 இன்ச் சும்மா கிடக்கிறதே, கூட ஒரு 27 வாங்கிச் சேர்த்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அங்கேதான் தொல்லை ஆரம்பம். 24 இன்ச் ஃபுல் எச்டியில் (1920×1080) ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, சுமார் 0.277 மி.மீ.; 27 இன்ச் கியூஎச்டியில் (2560×1440) 0.233. எக்செல்லில் 20 பிக்சல் உயரமுள்ள ஒரு வரி முதலாவதில் 5.5 மி.மீ. இருக்கும், அடுத்ததில் 4.7 ஆகச் சுருங்கும். நாள் முழுக்கக் கண் இந்த இரண்டுக்கும் மாறி மாறிப் பழக வேண்டும். மவுஸும் படுத்தும். ஒன்றில் மேலிருந்து கீழாக 1080 பிக்சல் வரிசை, மற்றதில் 1440. மிச்சமுள்ள 360 வரிசைக்கு எதிரே ஒன்றும் கிடையாது. பெரிய திரையின் ஓரத்தில் எட்டு சென்டிமீட்டருக்கும் மேல் கர்சர் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இரண்டு கட்டங்களையும் மேலே கீழே நகர்த்தி, முட்டும் இடத்தை அதிகம் போகாத மூலைக்குத் தள்ளலாம். நகர்த்துவதால் மட்டும் அது அடியோடு நீங்காது.

27 இன்ச் 4கே (3840×2160) எடுத்து ஸ்கேலிங்கை, அதாவது எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கிக் காட்டும் அளவை, 150 சதவீதத்தில் வைத்தால், கியூஎச்டியில் கிடைக்கும் அதே இடம்தான் கிடைக்கும். எழுத்து மட்டும் அச்சடித்ததுபோல் இருக்கும். கோட், கட்டுரை என்று நாளெல்லாம் வாசிப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் 150-இல் ஒன்று, 100-இல் ஒன்று என்று கலந்தால் பழைய மென்பொருள்களின் விண்டோ திரை தாண்டும்போது மங்கிப்போகும். வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள்.

ஜோடி என்றால் ஒரே மாடல், ஒரே சமயத்தில். இரண்டு வருடம் ஓடிய பேக்லைட் (திரைக்குப் பின்னிருக்கும் விளக்கு) பக்கத்தில் புதியதை வைத்தால் இரண்டிலும் வெள்ளை நிறம் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று மஞ்சள் அடிக்கும், ஒன்று நீலம் அடிக்கும். ஒரே நாளில் வாங்கியதிலும் சின்ன வித்தியாசம் வரத்தான் செய்யும். அதைச் சரிசெய்ய, அரை மணி நேரம் சூடாக விட்டு, வெற்று டாகுமெண்ட் ஒன்றை இரண்டு திரையிலும் பாதிப் பாதி விழும்படி நீட்டுங்கள். முதலில் வெளிச்சத்தைச் சமமாக்குங்கள். பிறகு மெனுவில் யூசர் கலர் போய், எந்த நிறம் தூக்கலாகத் தெரிகிறதோ அதை இரண்டிரண்டு புள்ளியாகக் குறையுங்கள். ஏற்ற வேண்டாம், குறைக்க மட்டும். சில மாடல்களில் எஸ்ஆர்ஜிபி மோடு (நிறங்களைப் பொதுத் தரத்துக்கு நிர்ணயித்து வைப்பது) போட்டால் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும், அங்கே இந்த வேலை நடக்காது.

திரைப் பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று வகைகள் உண்டு. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், உண்மைதான். ஆனால் இரட்டை அமைப்பில் பக்கத்துத் திரையின் தூர ஓரத்தை எப்போதும் சாய்வாகத்தான் பார்க்கிறோம். விஏ அங்கே நிழல் விவரங்களை வெளிறச் செய்யும். இந்த வேலைக்கு ஐபிஎஸ்தான் என் தேர்வு.

கணினியையும் மானிட்டரையும் இணைக்க டிஸ்ப்ளேபோர்ட், எச்டிஎம்ஐ என்று இரண்டு வகைக் கேபிள் உண்டு. ஒரு மானிட்டர் டிஸ்ப்ளேபோர்ட்டிலும் இன்னொன்று எச்டிஎம்ஐயிலும் இருந்து, எச்டிஎம்ஐ திரை மட்டும் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் பேனலைக் குறை சொல்லாதீர்கள். கிராபிக்ஸ் கார்டு அதை டிவி என்று எண்ணி, 0 முதல் 255 வரையுள்ள வெளிச்ச அளவுகளில் 16 முதல் 235 வரையே அனுப்பிக்கொண்டிருக்கலாம். டிரைவர் செட்டிங்கில் ஃபுல் ரேஞ்ச் என்று மாற்றினால் தீர்ந்தது.

டிஸ்ப்ளேபோர்ட்டின் சொந்தக் கிறுக்கு வேறு. மானிட்டரை அணைத்தாலோ அது ஆழ்ந்து தூங்கினாலோ, பல மாடல்களில் கேபிளைப் பிடுங்கிவிட்டதாகவே கணினி நினைத்துக்கொள்ளும். திரும்பி வந்து பார்த்தால் எல்லா விண்டோவும் ஒரே திரையில் குவிந்து கிடக்கும். மானிட்டர் மெனுவில் டீப் ஸ்லீப்பையும் (ஆழ்ந்த தூக்கம்) ஆட்டோ சோர்ஸையும் (எந்தக் கேபிளில் படம் வருகிறது என்று தானே தேடுவது) அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 11-இல் விண்டோ இருந்த இடத்தை நினைவில் வைக்கும் அமைப்பு ஒன்றும் உண்டு, அதையும் டிக் செய்யுங்கள்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் 20-ஆவது பின்னுக்கு (முனையில் உள்ள உலோக ஊசி) இரு முனைக்கும் இடையே இணைப்பு இருக்கக் கூடாது என்பது விதி. அதை மீறிய மலிவுக் கேபிளில் 3.3 வோல்ட் மானிட்டரிலிருந்து கணினிக்குள் ஏறும். கணினி ஆன் ஆகாமல் அடம் பிடிக்கும், காரணம் லேசில் பிடிபடாது. பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே 30 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 30 படம்தான். மவுஸ் இழுபடுவதே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மானிட்டரிலிருந்து அடுத்ததுக்குச் சங்கிலியாகக் கோக்கும் எம்எஸ்டி வசதியை நம்பி மேக்குக்கு வாங்காதீர்கள். மேக்ஓஎஸ் அதில் இரண்டு தனித் திரைகளைத் தராது, ஒரே படத்தைத்தான் இரண்டிலும் காட்டும்.

27 இன்ச் ஒன்று சுமார் 60 செ.மீ. அகலம். இரண்டுக்கு 140 செ.மீ. மேசையாவது வேண்டும். ஆர்ம் (மானிட்டரைத் தாங்கிப் பிடிக்கும் கை) போடுவதாக இருந்தால் மானிட்டரின் பின்னால் 100×100 மி.மீ. வெசா துளை (ஆர்மைத் திருகுவதற்கான பொதுத் தர நான்கு துளை) இருக்கிறதா, எம்4 ஸ்க்ரூ உள்ளே எவ்வளவு போகும் என்று பாருங்கள். ஆர்ம் தாங்கும் அதிகபட்ச எடையைப் பார்ப்பவர்கள் குறைந்தபட்சத்தைப் பார்ப்பதில்லை. லேசான மானிட்டரை வலுவான கேஸ் ஸ்பிரிங் (வாயு அழுத்தத்தில் தாங்கும் ஸ்பிரிங்) உள்ள ஆர்மில் மாட்டினால் தானாக மேலே எழும்பும், எல் கீயால் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) மேசையில், ஆர்மை மேசை ஓரத்தில் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்புக்கு மேலும் கீழும் ஒரு இரும்புத் தகடு கொடுங்கள், இல்லாவிட்டால் சில மாதத்தில் பலகை அமுங்கித் திரை முன்பக்கம் சாயத் தொடங்கும்.