குரோம் தோலா, பட்டைத் தோலா, ரெக்சினா?

ஆம்பூர் பக்கத்துக்காரனிடம் "எந்தச் செருப்பு மண்ணுக்கும் தண்ணிக்கும் கெடுதல் இல்லாதது?" என்று கேட்டால், பதிலுக்கு முன்னால், தோல் பதனிடும் டேனரிகளின் கழிவால் கெட்ட பாலாறுதான் நினைவுக்கு வரும். இருந்தாலும் மூன்று வகையையும் போட்டுத் தேய்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் குரோம் தோல். குரோமியம் சல்பேட் போட்டு டிரம்மில் சுற்றவிட்டால் ஒரே நாளில் தோல் பதமாகி, நீலச் சாயலோடு வெளியே வரும். 'வெட் புளூ' என்ற பெயர் அதனால்தான். மெல்லிசாக இருக்கும், வளைந்து கொடுக்கும், கொதிக்கும் சூட்டிலும் சுருங்காது. ஷூ கம்பெனிகள் இதை விடாமல் பிடித்திருப்பதற்கு இது போதும். ஆனால் வழக்கமான முறையில் போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும். அதை மக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மறுபடி டிரம்முக்கே கொண்டு வரலாம். ஆக, வழி தெரியாமல் ஆறு கெடவில்லை. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 'கெடுத்தவரே ஈடு கட்டவேண்டும்' என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லி, டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. அதுவரை தோலின் விலையில் ஆற்றின் கணக்கு சேரவே இல்லை.

அடுத்தது பட்டைத் தோல். குரோமியத்துக்கு முன்னால் இதுதான் நம்ம ஊர் முறை. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் வாரக்கணக்கில் கிடந்து, கடைசியில் கடுக்காய்ச் சாறு வாங்கி வெளியே வரும். இப்போது ஆவாரையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு பிடித்துவிட்டது. கடையில் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். வாரின் அறுத்த விளிம்பைப் பாருங்கள். பட்டைத் தோல் என்றால் உள்ளும் புறமும் ஒரே வெல்லப்பாகு நிறம். குரோம் என்றால் மேலே என்ன சாயம் இருந்தாலும் நடுவில் மெல்லிய சாம்பல்நீலக் கோடு பல சமயம் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணி விட்டால் பட்டைத் தோல் சட்டென்று குடித்துக் கறுக்கும். மழைக்காலத்தில் இதன் குறையும் அதேதான்.

"பட்டை இயற்கை, அதனால் சுத்தம்" என்று சொல்லி விற்பவர்களை மட்டும் நம்பவேண்டாம். பட்டைக் கழிவுநீர் கருப்பாக இருக்கும், அதிலுள்ள துவர்ப்பொருள் லேசில் மக்காது. இன்னொன்று, எந்த முறையானாலும் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டே வருகிறது. ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் தண்ணியில் இறங்கும். அப்புறம் முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். குரோமும் பட்டையும் பிரிவதே இதற்குப் பிறகுதான். சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணியை மீட்டாலும் உப்பு மிஞ்சிக் கிடக்கும். ஊறவைப்பதற்கு முன் தோலை உதறி உப்பைத் தட்டி எடுக்கிறார்களா என்று கேட்பது, 'குரோம் இல்லாதது' என்ற சீட்டைப் பார்ப்பதைவிடப் பயனுள்ள கேள்வி.

ரெக்சினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துணிமேல் பிளாஸ்டிக் பூச்சு. உப்பு, சுண்ணாம்பு தொல்லை இல்லை என்பது நிஜம். இப்போது 'வீகன் லெதர்' என்று பெயரை மாற்றி விலையையும் ஏற்றிவிட்டார்கள். நான் வாங்கிய பை ஒன்று பீரோவில் சும்மா இருந்தே இரண்டு மழைக்காலத்தில் செதில் செதிலாக உரிந்தது. பியூ (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) பூச்சு காற்றின் ஈரத்திலேயே சிதையும் சாதி. உரிந்ததை ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது, மண்ணில் போட்டால் மக்கவும் மக்காது.

எனக்கு முதல் இடம் பட்டைத் தோலுக்கு, ஆனால் செருப்பு, பெல்ட், பை வரைக்கும்தான். மழையிலும் சேற்றிலும் நடக்கிற ஷூவுக்குக் குரோமே சரி. இரண்டிலும் நான் பார்ப்பது ஒரே விஷயம்: சோல் தைத்ததா, வெறுமனே பேஸ்ட் போட்டு ஒட்டியதா? ஒட்டிய சோல் தேய்ந்தால் மேல்தோல் நன்றாக இருந்தாலும் முழு ஜோடியும் குப்பைக்குப் போகும். அத்தனை தண்ணி குடித்துப் பதமான தோல் ஒரு வருஷத்தில் குப்பையானால், அது குரோமா பட்டையா என்று ஆராய்ந்து என்ன பயன்?

இப்போது என் காலில் இருப்பது பட்டைத் தோல் வாரும் டயர் சோலும். முதல் வாரம் கடித்தது. விளக்கெண்ணெய் தடவி ஒரு ராத்திரி வைத்தேன், இளகிவிட்டது. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடைக்கடியில் உட்கார்ந்து தைக்கிறவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இன்னும் ரெண்டு சோல் மாத்தலாம்ணா" என்றார்.